கார் கதவு மூட மறுக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் கதவு ஒரே நாளில் கெட்டுப்போவது அபூர்வம். முதலில் எப்போதாவது இரண்டாம் முறை சாத்த வேண்டியிருக்கும். பிறகு, "அந்தப் பக்கக் கதவை மட்டும் ஓங்கிச் சாத்த வேண்டும்" என்று ஏறுகிற ஒவ்வொருவருக்கும் சொல்லிவைப்போம். அந்தப் பழக்கம்தான் கதவைக் கெடுக்கிறது. துடைத்துக் கிரீஸ் வைத்தால் தீரக்கூடிய சிக்கல், சில மாதங்களில் கீல் மாற்றும் வேலையாக வளர்ந்துவிடுகிறது. எந்த இடத்தில் இடைஞ்சல் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதிக் கதவுகளை வீட்டு வாசலிலேயே சரிசெய்துவிடலாம். கீலில் தொங்கும் சாதாரணக் கதவைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லியிருக்கிறேன். வேன் கதவும் டிக்கியும் கடைசிப் பகுதியில் வருகின்றன.

கதவு மூடும்போது உள்ளே என்னதான் நடக்கிறது?

கதவைத் திறந்து அதன் ஓரத்தைப் பாருங்கள். நடுவாக்கில் ஒரு வாய் போன்ற பிளவு தெரியும். அதற்குள் இருப்பது பூட்டின் கவ்வி. எதிரே, வண்டியின் தூணில் தடித்த இரும்பு வளையம் ஒன்று திருகப்பட்டிருக்கும். அதற்கு ஸ்ட்ரைக்கர் என்று பெயர். கதவு வந்து சேரும்போது வளையம் பிளவுக்குள் நுழைந்து கவ்வியைத் தள்ளுகிறது. கவ்வி சுழன்று வளையத்தைப் பிடித்துக்கொள்கிறது. கவ்வி பின்வாங்காமல் ஒரு சிறிய கொக்கி ஸ்பிரிங் விசையால் அதை நிறுத்திவைக்கிறது. கைப்பிடியை இழுத்தால் விலகுவது அந்தக் கொக்கிதான்.

இத்துடன் வேறு இரண்டும் சேர்ந்துகொள்கின்றன: கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் நசுங்க வேண்டும், வண்டிக்குள் அடைபட்ட காற்று வெளியேற வேண்டும். ஆக, கதவு கடினமாக இருந்தால் கீல், பூட்டு, ஸ்ட்ரைக்கர், பீடிங், காற்று ஆகிய ஐந்தில் ஒன்றைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கதவு பாதி மூடியிருக்கிறது, திறந்துகொள்ளவில்லை. அப்படியே ஓட்டலாமா?

கூடாது. கவ்வி இரண்டு கட்டமாகப் பிடிக்கும். முதல் 'டிக்' பாதிப் பிடி, இரண்டாவது முழுப் பிடி. முழுதாக மூடாத கதவு சட்டென்று திறந்துகொள்ளக் கூடாது என்பதற்காக மட்டுமே பாதிப் பிடி வைக்கப்பட்டிருக்கிறது. கதவுப் பூட்டுகளுக்கான ஐ.நா. விதிமுறை எண் 11, முழுப் பிடியில் இருக்கும் பூட்டு நீளவாக்கில் 11,000 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும் என்கிறது. அது ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடை தொங்குவதற்குச் சமம். பாதிப் பிடிக்கு அது கேட்பது 4,500 நியூட்டன்தான். விபத்தில் கதவு திறந்து ஆள் வெளியே வீசப்படுவதைத் தடுக்கத்தான் இந்த விதிகளே வந்தன. டாஷ்போர்டில் கதவு விளக்கு எரிந்தால் ஓரங்கட்டி நிறுத்துங்கள். ஓடும் வண்டியில் கதவைத் திறந்து சாத்தும் வழக்கம் பலருக்கு உண்டு. பக்கத்தில் வரும் இரு சக்கர வாகன ஓட்டியின் உயிர் அதில் அடங்கியிருக்கிறது.

கோளாறு எங்கே என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

கருவி எதையும் எடுப்பதற்கு முன் கண்ணால் பாருங்கள். சீட் பெல்ட்டின் உலோக நாக்கு கதவுக்கும் தூணுக்கும் நடுவே மாட்டியிருக்கலாம். தரைவிரிப்பின் ஓரம் மடங்கி வாசற்படியில் ஏறியிருக்கலாம். பீடிங் ஓரிடத்தில் கழன்று தொங்கலாம். கதவுப் பையில் பிதுங்கி நிற்கும் தண்ணீர் பாட்டில் இருக்கையில் இடிக்கலாம். இவற்றைப் பார்க்காமல் நேரே மெக்கானிக்கிடம் போகிறவர்கள் ஏராளம்.

அடுத்து, ஒரு கண்ணாடியைக் கால்வாசி இறக்கிவிட்டுக் கதவை மூடிப் பாருங்கள். இலகுவாக மூடினால் காற்றுதான் காரணம்.

அதற்கும் அசையவில்லை என்றால் பூட்டைத் தனியாகச் சோதியுங்கள். கதவு விரியத் திறந்திருக்கும்போதே, ஸ்க்ரூடிரைவரின் தண்டால் கவ்வியை, வளையம் தள்ளும் திசையிலேயே தள்ளுங்கள். அழுத்தமாக இரண்டு 'டிக்' கேட்க வேண்டும். பிறகு வெளிக் கைப்பிடியை இழுத்தால் கவ்வி துள்ளித் திரும்ப வேண்டும். தயங்கித் திரும்பினால், அல்லது பாதியில் நின்றால், பூட்டு காய்ந்திருக்கிறது அல்லது அழுக்கேறியிருக்கிறது. சோதனை முடிந்ததும் கவ்வி திறந்த நிலைக்கு வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே கதவை மூடுங்கள். கவ்வி மூடிய நிலையில் கதவைச் சாத்தினால் இரும்பும் இரும்பும் மோதும்.

பூட்டு நன்றாக இருந்தால் கீலுக்கு வாருங்கள். கதவைப் பாதி திறந்து, அதன் பின்முனையை இரு கைகளாலும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கீலில் ஆட்டம் இருந்தால் கையிலேயே தெரியும், சில வண்டிகளில் 'கடக்' என்ற ஓசையும் வரும். நல்ல கீலில் அப்படி எந்த ஆட்டமும் இருக்கக் கூடாது.

கடைசியாக ஸ்ட்ரைக்கரை உற்றுப் பாருங்கள். இந்த வளையத்தின் மேல் கவ்வி உரசிய தடம் பளபளவென்று தெரியும். தேய்வு சீராக இருந்தால் நல்லது. வளையத்தின் மேல் விளிம்பில் மட்டும் பெயின்ட்டோ பூச்சோ உரிந்து பளபளத்தால் கதவு தாழ்ந்து வருகிறது என்று பொருள். கீழ் விளிம்பில் உரிந்திருந்தால் யாரோ ஸ்ட்ரைக்கரைத் தவறான இடத்தில் வைத்து முறுக்கியிருக்கிறார்கள், அல்லது கதவை உயர்த்தி மாட்டியிருக்கிறார்கள்.

எல்லாக் கண்ணாடிகளும் மூடியிருந்தால் மட்டும் கதவு திமிறுகிறது. ஏன்?

கதவு பெரிய பலகை. மூடும்போது அது காற்றை உள்ளே தள்ளுகிறது. அந்தக் காற்று வெளியேறுவதற்கென்றே வண்டியின் பின்பகுதியில், பெரும்பாலும் பின் பம்பரின் மறைவில், மெல்லிய ரப்பர் மடல்கள் கொண்ட துவாரங்கள் உண்டு. காற்று டிக்கி வழியாக அங்கே போய்ச் சேரும். டிக்கியின் பக்கச் சுவரை ஒட்டிச் சாமான்களை அடைத்தாலோ, சத்தம் குறையட்டும் என்று ஒட்டிய தடித்த தாள் அந்த வழியை மூடினாலோ, காற்று திரும்பி வந்து கதவையே தள்ளும்.

டிக்கியைக் காலி செய்து பக்கவாட்டு அட்டையைச் சோதியுங்கள். பின் பம்பர் பழுதுபார்த்த வண்டியென்றால், மடல்கள் இருக்கின்றனவா, பெயின்ட் ஒட்டி மூடிக்கொண்டனவா என்று கேளுங்கள். மற்ற மூன்று கதவுகளும் மூடியிருக்கும்போது நான்காவது மட்டும் சற்று எதிர்ப்புக் காட்டுவது இறுக்கமான நல்ல வண்டியில் இயல்புதான். அதற்காக எதையும் கழற்ற வேண்டாம்.

எவ்வளவு வேகமாகச் சாத்தினாலும் கதவு மோதித் திரும்பி வந்துவிடுகிறது. பூட்டு போய்விட்டதா?

இருக்காது. கதவு திறந்திருக்கும்போதே கவ்வி எப்படியோ மூடிக்கொண்டுவிட்டது. குழந்தை விரலால் தள்ளி விளையாடியிருக்கலாம். பூட்டின் பிளவைப் பாருங்கள், கவ்வி குறுக்கே நிற்கும். கதவின் பூட்டை விடுவித்து, வெளிக் கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டே ஸ்க்ரூடிரைவரால் கவ்வியை வெளிநோக்கித் தள்ளுங்கள். 'டக்' என்று திறந்துவிடும். அதற்குமுன் இன்னொரு முறை அறைந்து பார்க்காதீர்கள். கவ்வியின் பிளாஸ்டிக் உறை உடைவது அப்படித்தான்.

கைப்பிடியை இழுத்தும் கவ்வி விடவில்லை என்றால், கைப்பிடிக்கும் பூட்டுக்கும் இடையிலான கம்பியோ கேபிளோ கழன்றிருக்கும். உள் கைப்பிடியாலும் முயன்று பாருங்கள். பின் கதவில் குழந்தைப் பூட்டு போட்டிருந்தால் உள் கைப்பிடி வேலை செய்யாது என்பதை மறந்துவிட வேண்டாம். குழந்தைப் பூட்டுக்கும் கதவு மூடாமல் போவதற்கும் சம்பந்தம் கிடையாது.

இன்னொரு வகையும் உண்டு. கவ்வி திறந்துதான் இருக்கிறது, ஆனால் கதவு சாத்தியும் பிடிக்கவில்லை. வெளிக் கைப்பிடி முழுதாகத் தன் இடத்துக்குத் திரும்பாமல் சற்றே வெளியே நிற்கிறதா பாருங்கள். அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் கொக்கி எப்போதும் விலகியே நிற்கும். கைப்பிடியை உள்ளே அழுத்திப் பிடித்துக் கதவைச் சாத்தினால் பிடித்துக்கொண்டால், மாற்ற வேண்டியது கைப்பிடி, பூட்டு அல்ல.

பூட்டுக்கு என்ன எண்ணெய் விட வேண்டும்?

எஞ்சின் ஆயில் விடாதீர்கள். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். அன்றைக்குக் கதவு பூப்போல மூடும். பிறகு நம் ஊர்ச் சாலைப் புழுதி அதில் ஒட்டிக் கறுப்புக் களிம்பாகி, முன்பைவிட மோசமாகும். துரு நீக்கும் ஸ்பிரேக்களும் நிரந்தர மசகு அல்ல. பழைய அழுக்கைக் கரைத்து வெளியேற்ற அவை உதவும், அவ்வளவுதான்.

செய்ய வேண்டிய முறை இது: பிளவுக்குள் ஸ்பிரே அடித்து, கவ்வியை ஸ்க்ரூடிரைவரால் பலமுறை மூடித் திறந்து, வழிந்து வரும் கறுப்பு நீரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருங்கள். வழிவது தெளிந்ததும் உலர விட்டு, வெள்ளை லித்தியம் கிரீஸைக் கவ்வியின் முனையிலும் அது சுழலும் அச்சிலும் மெல்லியதாக வையுங்கள். ஸ்ட்ரைக்கர் வளையத்தில் விரல் நுனியால் ஒரு பூச்சு போதும். அதிகமாக வைத்தால் ஏறி இறங்குபவர்களின் வேட்டியும் சேலையும்தான் கறைபடும். கீல்களுக்கும் இதே கிரீஸ் பொருந்தும்.

ரப்பர் பீடிங்கிற்குக் கிரீஸ் ஆகவே ஆகாது. பெட்ரோலியக் கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். பீடிங்கை ஈரத் துணியால் துடைத்துக் காயவிட்டு, சிலிக்கான் ஸ்பிரேயைத் துணியில் நனைத்துத் தடவுங்கள். சாவித் துவாரத்துக்குக் கிராஃபைட் பொடி நல்லது.

கதவு தொங்கிவிட்டது என்கிறார்கள். எப்படித் தொங்குகிறது?

கதவின் முழு எடையையும் முன்பக்கத்தில் இருக்கும் இரண்டு கீல்களே தாங்குகின்றன. கண்ணாடி, அதை ஏற்றி இறக்கும் மோட்டார், ஸ்பீக்கர் எல்லாம் அந்த எடையில் சேர்த்தி. கீலின் ஊசியைச் சுற்றியுள்ள புஷ் என்ற சிறு குழல் தேய்ந்தால் பின்முனை சில மில்லிமீட்டர் தாழும். அவ்வளவு போதும், வளையமும் பிளவும் நேருக்கு நேர் வராது. மூடும்போது கதவு ஸ்ட்ரைக்கரின் மேல் ஏறி உட்காரும். திறக்கும்போது 'தொப்'பென்று இறங்கும். பக்கத்தில் குனிந்து நின்று பார்த்தால் இந்த ஏற்ற இறக்கம் கண்ணுக்கே தெரியும்.

ஓட்டுநர் பக்கக் கதவு முதலில் தொங்குவதற்குக் காரணம், அதுதான் அதிகம் திறக்கப்படுகிறது என்பது மட்டுமல்ல. திறந்த கதவின் மேல் கையூன்றி எழுந்திருக்கிறோம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு அதைவிட்டால் வேறு பிடிமானமும் இல்லை. அவர்களைக் கண்டிப்பதில் நியாயமில்லை. கூரையோரக் கைப்பிடி இருக்கும் பக்கமாக அவர்களை உட்கார வையுங்கள், அல்லது கை கொடுத்து இறக்குங்கள். குழந்தைகள் கதவில் தொங்கி ஆடுவதை மட்டும் கட்டாயம் நிறுத்த வேண்டும்.

சரிசெய்வதற்கு இரண்டு வழிகள். சில வண்டிகளில் ஊசியும் புஷ்ஷும் தனியே கிடைக்கும். மற்றவற்றில் கீலையே மாற்ற வேண்டும். கீல் போல்ட் தளர்ந்திருந்தால் முறுக்கினாலே போதும். இது வீட்டில் தனியாகச் செய்யும் வேலை அல்ல. கதவைக் கீழிருந்து ஜாக்கியும் மரக்கட்டையும் தாங்க, ஒருவர் பிடிக்க, ஒருவர் முறுக்க வேண்டும். கீலுக்கு நடுவே கட்டையைச் செருகிக் கதவை அழுத்தி "நிமிர்த்தும்" குறுக்குவழி சில பட்டறைகளில் இன்னும் நடக்கிறது. தேய்ந்த புஷ் தேய்ந்தபடியே இருக்க, தகடு மட்டும் வளைகிறது. அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

ஸ்ட்ரைக்கரை நானே நகர்த்தலாமா?

கீல் நன்றாக இருக்கிறது என்று உறுதியானால் நகர்த்தலாம். கீல் தேய்ந்த கதவுக்கு ஸ்ட்ரைக்கரை இறக்கிவைத்தால் கோளாறு மறையும், தேய்மானம் தொடரும்.

எந்தத் திசையில் நகர்த்துவது என்பதைக் கதவே காட்டும். மூடிய கதவின் பின்விளிம்பிலிருந்து அடுத்த தகடு வரை விரலை ஓட்டுங்கள். கதவு உள்ளே அமுங்கி நின்று, மூடவும் கடினமாக இருந்தால் ஸ்ட்ரைக்கர் அளவுக்கு மீறி உட்புறம் இருக்கிறது. பீடிங்கைத் தேவைக்கு மேல் நசுக்கினால்தான் பூட்டு பிடிக்கும். அதை வெளிப்புறமாக நகர்த்த வேண்டும். கதவு வெளியே துருத்தி, ஓடும்போது காற்றுச் சத்தம் வந்தால் இதற்கு நேரெதிர்.

முதலில் ஸ்ட்ரைக்கரின் அடித்தட்டைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். பழைய இடத்துக்குத் திரும்ப அதுதான் அடையாளம். பெரும்பாலான வண்டிகளில் நட்சத்திரத் தலை போல்ட் இருக்கும். சரியான அளவு டார்க்ஸ் பிட் இல்லாமல் தொடாதீர்கள், தலை வழுக்கிவிட்டால் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். இரண்டு போல்ட்டையும் முழுதாகக் கழற்றவும் கூடாது. சில வண்டிகளில் போல்ட் போய் மாட்டும் மரைத்தட்டு தூணுக்குள் தளர்வாக நிற்கும், அது உள்ளே விழுந்தால் எடுப்பது பெரும்பாடு. லேசாகத் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் தட்டி ஒரு மில்லிமீட்டர் நகர்த்தி, முறுக்கி, கதவை மெதுவாகச் சாத்திப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னும் ஒரு மில்லிமீட்டர். முடிவில் வண்டியின் கையேட்டில் சொன்ன முறுக்கு அளவுக்கு இறுக்க வேண்டும். விபத்தில் கதவைப் பிடித்து நிறுத்துவது இந்த போல்ட்டுகள்தான்.

புது பீடிங் போட்டபின் கதவு மூடவில்லை. கடைக்காரர் "பழகினால் சரியாகிவிடும்" என்கிறார்.

பாதி உண்மை. புது ரப்பர் சில வாரங்களில் படியும். ஆனால் வேறு மாடலுக்கான தடித்த பீடிங்கையோ, சத்தம் குறைக்கும் கூடுதல் பீடிங்கையோ பழைய பீடிங்கின் மேலேயே ஒட்டியிருந்தால் அது பழகாது, பூட்டுதான் தேயும். ஒரு காகிதத் துண்டைக் கதவுக்கும் பீடிங்குக்கும் இடையே வைத்து மூடி இழுங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி லேசான பிடிப்போடு வர வேண்டும். ஓரிடத்தில் கிழிந்தால் அங்கே பீடிங் சரியாக அமரவில்லை. மூலைகளில்தான் பெரும்பாலும் மடங்கிக்கொள்ளும்.

புத்தம்புதுக் கார். கதவு இறுக்கமாக இருக்கிறது.

ரப்பர் புதிது என்பதால் சற்று இறுக்கம் இருக்கும். நான்கில் ஒன்று மட்டும் தனித்து இறுகினால், முதல் சர்வீஸிலேயே எழுதிக் கொடுத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

டிங்கரிங் செய்து வந்தபின் கதவு முன்போல் இல்லை.

இடைவெளிகளை ஒப்பிடுங்கள். கதவுக்கும் அடுத்த தகட்டுக்கும் இடையிலான கோடு மேலிருந்து கீழ் வரை ஒரே அகலத்தில் ஓட வேண்டும். இடது கதவின் இடைவெளி வலது கதவோடு ஒத்துப்போக வேண்டும். மேலே குறுகிக் கீழே விரிந்தால் கதவோ தூணோ கோணலாக இருக்கிறது. தூண் விலகியிருந்தால் ஸ்ட்ரைக்கரை எங்கே நகர்த்தினாலும் பயன் இல்லை. அளவெடுக்கும் வசதியுள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டும். வண்டியை எடுக்கும் முன், பணம் கொடுக்கும் முன், நான்கு கதவுகளையும் நீங்களே மூடிப் பாருங்கள். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சில வண்டிகளில் கதவுக்குள் மோதலை உணரும் சென்சார் இருக்கும். அதைத் திரும்பப் பொருத்தினார்களா என்றும் கேளுங்கள்.

கதவு மூடிவிட்டது, ஆனால் விளக்கு அணையவில்லை.

இன்றைய வண்டிகள் பலவற்றில் கதவு சுவிட்ச் பூட்டுக்குள்ளேயே இருக்கிறது. அழுக்கு புகுந்தால் கவ்வி முழுதாகப் பிடித்தும் சுவிட்ச் ஒப்புக்கொள்ளாது. மேலே சொன்னபடி சுத்தம் செய்தால் பலமுறை தீர்ந்துவிடும். தீராவிட்டால் தள்ளிப்போடாதீர்கள். இரவெல்லாம் உள்விளக்கு எரிந்தால் காலையில் பேட்டரி இறங்கியிருக்கும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி. தண்ணீர் வடிந்தபின் கதவு அடைத்துக்கொள்கிறது.

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ கார்கள் கதவு அளவு நீரில் நின்றன. வெள்ளநீரோடு வந்த வண்டல் பூட்டுக்குள் படிந்து காய்ந்தால் சிமென்ட்டைப் போல இறுகும். ஈரம் காயும் முன் நல்ல தண்ணீரால் பிளவைக் கழுவி, உலர்த்தி, கிரீஸ் வைப்பது முக்கியம். கதவின் அடிவிளிம்பில் சிறு வடிகால் துவாரங்கள் இருக்கும். மெல்லிய குச்சியால் அவற்றைத் திறந்துவிடுங்கள். கதவை ஆட்டினால் உள்ளே தண்ணீர் தளும்பும் ஓசை கேட்டால் அவை அடைபட்டிருக்கின்றன என்று அர்த்தம். தேங்கிய நீர் கதவின் எடையைக் கூட்டுவதோடு அடித்தகட்டை உள்ளிருந்து அரித்துவிடும். வெள்ளம் வராத வண்டியிலும் ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் இந்தத் துவாரங்களைப் பார்ப்பது நல்லது.

நடுவழியில், இரவில், கதவு பிடிக்கவே இல்லை. என்ன செய்வது?

முதலில் கவ்வி மூடிக்கொண்டிருக்கிறதா என்று கைபேசி வெளிச்சத்தில் பாருங்கள். அதுவாக இருந்தால் ஒரு சாவியின் முனையாலேயே விடுவித்துவிடலாம். பூட்டு உண்மையிலேயே உடைந்திருந்தால் இழுவை வண்டியை அழைப்பதே சரி. கயிற்றால் கட்டி ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாதுகாப்பான இடம் வரை நகர்த்தியே ஆக வேண்டும் என்றால், அந்தக் கதவின் பக்கம் யாரும் உட்காராமல், எச்சரிக்கை விளக்குகளைப் போட்டு, நடை வேகத்தில் போங்கள். பழுது ஓட்டுநர் கதவில் என்றால் வண்டியை அசைக்கவே வேண்டாம்.

வேனின் தள்ளு கதவும் டிக்கிக் கதவும்?

தள்ளு கதவு உருளைகளில் ஓடுகிறது. கீழ்த் தடத்தில் கல்லும் மண்ணும் சேர்வதே முக்கால்வாசிக் கோளாறு. பள்ளி வேன்களில் பென்சில் துண்டும் மிட்டாய்க் காகிதமும் கிடைக்கும். தூரிகையால் பெருக்கி எடுத்துவிட்டு உருளையைக் கையால் சுழற்றிப் பாருங்கள். சுழலாமல் சறுக்கினால் மாற்றுங்கள்.

டிக்கிக் கதவு மூடவில்லை என்றால் அதன் இரு மூலைகளிலும் உள்ள ரப்பர் குமிழ்களைக் கவனியுங்கள். பல வண்டிகளில் அவை திருகி உயரம் மாற்றக்கூடியவை. அதிகம் வெளியே வந்திருந்தால் உள்ளே திருகினால் போதும்.

பழைய கார் வாங்கப் போகிறேன். கதவில் எதைப் பார்ப்பது?

நான்கு கதவுகளையும் ஒரு விரலால் தள்ளி மூடிப் பாருங்கள். ஓசைகளை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் தகரச் சத்தம் போட்டால் அந்தப் பக்கத்தைக் கூடுதலாக ஆராயுங்கள். கீல் போல்ட்டுகளின் தலையைப் பாருங்கள். தொழிற்சாலைப் பெயின்ட் உடையாமல் இருந்தால் கதவு கழற்றப்படவில்லை. ஸ்பேனர் பட்டுப் பெயின்ட் பெயர்ந்திருந்தால், கதவு ஏன் கழற்றப்பட்டது என்று விற்பவர் சொல்ல வேண்டும். ஸ்ட்ரைக்கரின் அடியில் பழைய அச்சு ஒன்று, இன்றைய இடத்திலிருந்து விலகித் தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால், அந்தக் கதவை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, கீல் மாற்றும் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.